சுயசித்தம் யாருடைய பாவம்?

கேள்வி: எனக்கு 27 வயது. வேறு மாநிலத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போக விரும்புகிறேன். அப்பாவுக்குச் சம்மதமில்லை. போதகரிடம் கேட்டால், "இது உன் சுயசித்தம், ஜெபத்தில் உடைத்துப்போடு" என்கிறார். சுயசித்தம் என்றால் உண்மையில் என்ன? எனக்கென்று ஒரு விருப்பம் இருப்பதே பாவமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, விருப்பம் இருப்பது பாவமில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று ஜெபித்ததை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். உங்கள் போதகரும் சொல்லியிருப்பார். அதற்கு முந்தைய வரியில் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. கூடுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்கிறார். ஒரு தடவை கேட்டதோடு விடவும் இல்லை. மூன்றாந்தரமும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். தமக்கு வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் விட்டுக்கொடுத்தார். விருப்பமே இல்லாதவரிடம் விட்டுக்கொடுக்க என்ன இருக்கும்?

அப்படியானால் சுயசித்தம் எது? நான் நினைத்ததுதான் நடக்கவேண்டும், அதற்கு மாறாக யார் சொன்னாலும், கடவுளே சொன்னாலும், என் காதில் ஏறாது என்கிற நிலைதான் அது. ஆசை பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கே இல்லை. கடல் தாண்டிப் போக ஆசைப்படுகிறவர் நல்ல வார்த்தை கேட்டால் நின்று யோசிப்பார். சபைக் கமிட்டியில் மின்விசிறியை எந்தத் தூணுக்குப் பக்கத்தில் மாட்டுவது என்ற பேச்சில் ஒருவர் மூன்று மாதம் முறைத்துக்கொண்டிருப்பார். இவர்களில் சுயசித்தக்காரர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொள்ள வேதத்தில் ஒரு ஆளை, இஸ்ரவேலின் முதல் ராஜாவை, பின்தொடர்ந்து போனால் போதும். சவுல் ராஜா. நம் பிரசங்கங்களில் அவனைத் தாவீதுக்கு எதிரியாக மட்டும் காட்டி முடித்துவிடுகிறோம், அது அவனுக்குச் செய்கிற அநியாயம். ஆரம்பத்தில் அவன் அப்பாவின் காணாமற்போன கழுதைகளைத் தேடி அலைந்த பிள்ளை. ராஜாவாக்கத் தேடினபோது தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டவன். பிறவி முரடன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பதவி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் காது மூடிக்கொள்வதைத்தான் 1 சாமுவேல் புத்தகம் பொறுமையாகக் காட்டுகிறது.

முதலில் 14-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பெலிஸ்தரோடு போர் நடக்கிறது. சாயங்காலமட்டும் யாராவது சாப்பிட்டால் அவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ஆணையிடுகிறான். கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! உபவாசம் அல்லவா? ஆனால் அதைக் கடவுள் கேட்கவில்லை, யுத்தமும் கேட்கவில்லை. சவுலுக்குத் தோன்றியது, சொல்லிவிட்டான். காட்டில் தேன் ஒழுகுகிறது, ஜனங்கள் பயந்து கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆணையைக் கேட்டிராத அவன் மகன் யோனத்தான் கோலின் நுனியைத் தேன்கூட்டில் குத்தி, கையில் எடுத்து வாயில் வைக்கிறான், கண்கள் தெளிகின்றன. அப்பா செய்தது ஜனங்களுக்கு உபத்திரவம், அவர்கள் சாப்பிட்டிருந்தால் இன்னும் நன்றாகப் போரிட்டிருப்பார்களே என்று அங்கேயே சொல்லிவிடுகிறான்.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது. பசியில் தவித்துப்போன ஜனங்கள் கொள்ளையிட்ட ஆடுமாடுகள்மேல் பாய்ந்து, தரையிலே அடித்து, இரத்தத்தோடே தின்றுவிடுகிறார்கள். அது நியாயப்பிரமாணத்தில் விலக்கப்பட்ட காரியம். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது யார்? சவுலின் ஆணை. ஆனால் அவன் அதை நினைத்துப்பார்த்த மாதிரியே தெரியவில்லை. துரோகம் பண்ணினீர்கள் என்று ஜனங்களைக் கண்டிக்கிறான். அடுத்து, தேனை ருசிபார்த்த குற்றத்துக்காகச் சொந்த மகனையே கொல்லத் துணிகிறான். ஜனங்கள் குறுக்கே நின்று யோனத்தானைத் தப்புவித்தார்கள். ஒருவனுடைய பிடிவாதத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் மற்றவர்கள். கடைசியில் குற்றவாளி ஆகிறவர்களும் அவர்களே. உடல்நிலை சரியில்லாத பிள்ளைகளையும் சேர்த்து வீட்டையே நாற்பது நாள் உபவாசத்தில் போடுகிற அப்பாமார் இந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிப்பது நல்லது. பவுலும் கொலோசெயருக்கு எழுதும்போது "சுய இஷ்டமான ஆராதனை" என்று ஒன்று உண்டு, அது பார்வைக்கு ஞானம்போல இருக்கும் என்று எச்சரிக்கிறார்.

அடுத்தது 15-ம் அதிகாரம். அமலேக்கியரை முற்றிலும் அழிக்கச் சொன்ன அந்தக் கட்டளை இன்று வாசிக்கிற நமக்கு உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது, அதைத் தனியாகத்தான் பேசவேண்டும். ஆனால் சவுல் மனம் இரங்கி மீறினான் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஜனங்களையெல்லாம் பட்டயத்துக்கு இரையாக்கிவிட்டான். தப்பினது ராஜா ஆகாகும் கொழுத்த ஆடுமாடுகளும். அற்பமானது, உதவாதது எதுவோ அதைமட்டும் அழித்தான். தனக்குப் பிடித்தவரைக்கும் கீழ்ப்படிந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டிவிட்டுப் போகிறான்.

இரவெல்லாம் அழுது ஜெபித்துவிட்டுத் தீர்க்கதரிசி சாமுவேல் வருகிறார். சவுல் முந்திக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். இதற்குப் பிறகு சவுல் பேசுவதை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் என்கிறான். பலியிடத்தான் வைத்தோம் என்கிறான். நான் கீழ்ப்படிந்தேனே என்று இன்னொரு தடவை சாதிக்கிறான். மடக்கிப் பிடித்த பிறகு, ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகும், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். முடிவு முதலிலேயே எடுத்தாகிவிட்டது, காரணங்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வருகிறான். அதில் கடவுளுடைய பெயரும் ஒரு காரணம். மனச்சாட்சி குற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சவுலுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறது. சுயசித்தத்தின் ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான். தப்பு செய்வது யாருக்கும் வரும். செய்த தப்பு தப்பென்று தெரிய வழியே இல்லாமல் போவதுதான் பயங்கரம்.

இரண்டகம் பண்ணுதல், அதாவது கலகம் செய்வது, பில்லிசூனிய பாவத்துக்குச் சரி என்று சாமுவேல் அன்று சொன்னார். என்ன இப்படி ஒரு ஒப்பீடு என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. 28-ம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. குறிசொல்லுகிறவர்களைத் தேசத்திலிருந்து துரத்தின அதே சவுல், மாறுவேடம் போட்டு இரவில் எந்தோரில் ஒரு குறிக்காரி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். நல்ல ஆலோசனைக்கு ஆயுசெல்லாம் காதை மூடினவன், வேண்டிய பதிலைத் தரக்கூடிய ஒரு குரலைத் தேடிக் கடைசியில் அங்கே போய் நிற்கிறான்.

இடையில் 22-ம் அதிகாரத்தில் நோப் ஊரில் நடந்ததையும் விட்டுவிட முடியாது. தாவீதுக்கு அப்பம் கொடுத்தார்கள் என்ற கோபத்தில் ஆசாரியர்களைக் கொல்லும்படி சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிடுகிறான். சேவகர்கள் கையை நீட்டவில்லை. ஏதோமியனாகிய தோவேக்கு கொன்றான், அன்று ஒரே நாளில் 85 பேர். கீழ்ப்படிய மறுத்த அந்தச் சேவகர்களைச் சுயசித்தக்காரர்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சவுல் சொல்லியிருப்பான்.

இப்போது உங்கள் போதகர் சொன்னதற்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, இப்படித்தான் நமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். ஆனால் நம்முடைய சபைகளில் "சுயசித்தம்" என்ற குற்றச்சாட்டு யார்மேல் விழுகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேலே படிக்க நினைக்கிற பெண்மேல், வரனை வேண்டாம் என்கிற பெண்மேல், கணக்கு கேட்கிற வாலிபன்மேல், மாமியாருக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற மருமகள்மேல். அதிகாரம் இல்லாதவர்கள்மேல்தான் எப்போதும். வேதம் அதை வைத்திருக்கிற இடமோ வேறு. கிரேத்தா தீவில் மூப்பர்களை ஏற்படுத்தப்போகிற தீத்துவுக்குப் பவுல் எழுதுகிறார்: கண்காணியானவன் தன் இஷ்டப்படி செய்யாதவனும், முற்கோபமில்லாதவனுமாய் இருக்கவேண்டும். சபையாருக்குச் சொன்னதல்ல இது, சபையை நடத்துகிறவருக்கு வைத்த தகுதி. யோவானின் மூன்றாம் நிருபத்தில் சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்குகிற தியோத்திரேப்பு, சபையில் முதன்மையாயிருக்க விரும்பினவன். சவுல் ராஜா. இது ஏதோ தற்செயலாக அமைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. மறுத்துப் பேச யாரும் துணியாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும்.

பழைய துறவிகளுக்கு இது தெரிந்திருந்தது. 6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் மொன்டே கசினோ மடத்தை நிறுவிய பெனடிக்ட் தன் மடத்து ஒழுங்கில், சொந்தச் சித்தத்தை நேசியாதிருப்பதைத் தாழ்மையின் இரண்டாம் படியாக வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அது மடத்துத் தலைவருக்கு நல்ல வசதியாகப் போயிருக்கும். ஆனால் முக்கியமான காரியம் எதுவானாலும் தலைவர் எல்லாச் சகோதரரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும், சிறந்ததை ஆண்டவர் பல சமயம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்றும் எழுதிவைத்தார். முடிவெடுப்பது தலைவர்தான். இருந்தாலும் நேற்று வந்த பையன் பேசுவதையும் அவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்ற குறள் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். கேட்டால் காது கசக்கிற சொல்லைப் பொறுக்கவேண்டியது வேந்தன். வள்ளுவரும் அதைக் குடிமகனுக்குச் சொல்லவில்லை.

சித்தத்தை "உடைப்பது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சூசன்னா வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் தாயார். 19 பிள்ளைகள் பெற்றவர், அவர்களில் பலர் குழந்தையாகவே இறந்துபோனார்கள். 1732-ல் மகன் கேட்டதற்காகத் தன் பிள்ளைவளர்ப்பு முறையை ஒரு கடிதமாக எழுதினார். பிள்ளையின் சித்தத்தைச் சீக்கிரமே அடக்கவேண்டும், எல்லாப் பாவத்துக்கும் துன்பத்துக்கும் வேர் சுயசித்தமே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஒரு வயது ஆனதும் அவர் பிள்ளைகள் பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழகினார்களாம். இன்றைக்கு இதை அப்படியே செய்யச் சொன்னால் நான் கடுமையாக மறுப்பேன். பயத்தில் அடங்கின பிள்ளைக்குச் சித்தம் எங்கும் போய்விடாது, உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பிற்பாடு கையில் கொஞ்சம் அதிகாரம் வந்ததும் வெளியே வரும்.

ஆனால் அதே சூசன்னாவின் வாழ்க்கையில் இரண்டு சம்பவங்கள் உண்டு. அவர் கணவர் சாமுவேல் வெஸ்லி, இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரின் போதகர். மூன்றாம் வில்லியம் ராஜாவுக்காகக் குடும்ப ஜெபத்தில் கணவர் ஜெபித்தபோது சூசன்னா "ஆமென்" சொல்லவில்லை. வில்லியம் உரிமையுள்ள ராஜா அல்ல என்பது அவருடைய மனச்சாட்சி. நமக்கு இரண்டு ராஜாக்கள் என்றால் இரண்டு படுக்கைகளும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு 1702-ல் லண்டனுக்குப் போய்விட்டார் கணவர். அந்த வருடம் மார்ச்சில் வில்லியம் இறந்தார். பிற்பாடு இருவரும் சேர்ந்தார்கள். 1703 ஜூனில் ஜான் பிறந்தார். அந்த வீட்டில் அப்போது சுயசித்தம் யாரிடம் இருந்தது? சூசன்னா தன் வாயை மட்டும்தான் மூடிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. கணவரோ தன் சொல் செல்லாமல் போனதற்குக் குடும்பத்தையே தண்டித்தார்.

இரண்டாவது சம்பவம் இன்னும் சுவாரசியமானது. 1711-12 குளிர்காலத்தில் கணவர் லண்டனில் இருந்தபோது, ஞாயிறு மாலை சூசன்னா வீட்டில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கம் வாசித்துக் காட்டினார். அக்கம்பக்கத்தவர்கள் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறு பேர் அளவுக்குப் போனது. பெண் ஒருத்தி சபை நடத்துகிறாள் என்று உதவிப் போதகர் லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னார். சூசன்னா பதில் எழுதினார்: நிறுத்த வேண்டுமென்று விரும்புகிறேன் என்று சொல்லாதீர்கள், அது என் மனச்சாட்சிக்குப் போதாது. நேரடியாக, முழுமையான வார்த்தைகளில் கட்டளையிடுங்கள். நாளைக்குக் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நீங்களும் நானும் நிற்கும்போது, நன்மைசெய்யக் கிடைத்த வாய்ப்பை விட்ட குற்றம் என்மேல் இல்லாதபடிக்கு. இதை வாசித்த பிறகு கணவருக்கு அதைத் தடுக்க மனம் வரவில்லை.

இந்தப் பதிலில் முரட்டுத்தனம் தெரிகிறதா பாருங்கள். கட்டளை வந்தால் நிறுத்தத் தயார் என்கிறார். தான் ஏன் செய்கிறேன் என்பதைச் சொல்கிறார். தடுப்பதானால் அந்தப் பொறுப்பைத் தடுக்கிறவர் ஏற்கவேண்டும் என்கிறார், அவ்வளவுதான். எல்லாப் பாவத்துக்கும் வேர் சுயசித்தம் என்று பின்னாளில் எழுதின அதே கை எழுதியது இது. கடிதத்தைவிட வாழ்க்கையில் அவருக்குத் தெளிவு அதிகம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மனச்சாட்சியின் "மாட்டேன்" எது, சுயசித்தத்தின் "மாட்டேன்" எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு உதவுகிற கேள்வி ஒன்றுதான்: நான் நினைப்பது தப்பென்று எது காட்டினால் ஒத்துக்கொள்வேன்? 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரத்தில் சக்கரவர்த்திக்கு முன்னால் நின்ற மார்ட்டின் லூத்தர், திருச்சபையைக் கண்டித்து எழுதியதைத் திரும்பப் பெறமாட்டேன் என்றார். வேதவசனத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னை உணர்த்தினால் ஒழிய என்ற நிபந்தனையோடுதான் சொன்னார். பிற்காலத்து லூத்தர் தன் வார்த்தைக்கு எல்லா இடத்திலும் உண்மையாக இருந்தாரா என்றால், இல்லை. யூதரைப் பற்றி 1543-ல் அவர் எழுதியதை வாசித்தால், யாருடைய நியாயமும் ஏறாத காது அவருக்கும் வந்துவிட்டது தெரியும். ஒரு தடவை மனச்சாட்சியோடு நின்றவர் என்பதால் ஆயுசுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை.

திறந்த காது எப்படி இருக்கும் என்பதைத் தாவீதிடம் பார்க்கலாம். நாபால் என்ற பணக்காரன் தன்னை அவமதித்தான் என்று 400 பேரைப் பட்டயத்தோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாதி வழியில் நாபாலின் மனைவி அபிகாயில் எதிரே வந்து பேசுகிறாள். தான் ஆணையிட்ட காரியம், கூடவே இத்தனை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சொல்வதோ எதிராளியின் மனைவி. தாவீது கேட்டான், அவளை வாழ்த்தினான், திரும்பிப் போனான். நாபாலைப் பற்றி அவன் வேலைக்காரனே சொன்னது, அவரோடே ஒருவரும் பேசமுடியாது என்பதுதான்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். அந்த வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. அப்பாவின் உடல்நிலை, வீட்டுக் கடன், கூடப் பிறந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் போகவேண்டும் என்ற முடிவை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு காரணம் தேடினீர்களா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். போதகரிடம் கேட்டதே, உங்கள் காது திறந்திருக்கிறது என்பதற்கு எனக்கு ஓரளவு சாட்சி. வேலைக்கு எதிரான காரணங்களை அப்பாவிடமே கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று, தனியாக இருக்கும்போது எனக்கு நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பது என்பது வேறு. இரண்டையும் அவர் ஒரே கோபத்தில்தான் சொல்வார், நீங்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால் அதற்கு வழி பண்ணாமல் கிளம்பாதீர்கள்.

உங்களுடைய முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத, உங்களைப் பிடித்திருக்கிற, அதேசமயம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவரிடமும் இதை வையுங்கள். சபையில் இல்லாவிட்டால் வேலையிடத்தில், உறவில் யாராவது இருப்பார்கள்.

போதகரிடம் மறுபடி போவதானால் மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, இது சுயசித்தம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் போவதில் வேதத்துக்கு விரோதமானது எது என்று காட்டினால் விட்டுவிடுகிறேன்." காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், நிஜமாகவே கேட்டுக்கொள்ளுங்கள். என்னையே எதிர்த்துப் பேசுகிறாயா என்று அவர் முகம் மாறினால், தீத்து முதலாம் அதிகாரம் 7-ம் வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டாம், அதனால் சண்டைதான் வரும். வீட்டுக்கு வந்து நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள். முடிவை எடுக்க வேண்டியது நீங்கள்.